நெருப்பில் வேகாததும் கண் இல்லாததும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மஃரிபு தொழுதுவிட்டு நமது சங்க வாசகசாலையில் வந்து உட்கார்ந்தோம். அங்கத்தினர் ஒருவரின் பேரப்பிள்ளைகள் இருவர் மேசைக்கு இருபுறமும் நின்று பெரும் வாக்குவாதம் நடத்திக்கொண்டிருந்தனர். நடுவே பிராணிகளின் படப் புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. ஒரு பக்கத்தில் சலமாண்டர். எதிர்ப் பக்கத்தில் அகழெலி. இரண்டில் எது உயர்ந்தது என்பதே வழக்கு. பெரியவன் சலமாண்டரின் கட்சி. அது நெருப்பில் விழுந்தாலும் வேகாது என்று அடித்துச் சொன்னான். சின்னவன் அகழெலியின் கட்சியாயினும் அவனிடம் வாதம் ஒன்றுமில்லை. "அதுக்குக் கண்ணே இல்லை, பாவம்" என்பதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் இருவரும் நம்மிடம் வந்து, "நன்னா, நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள்.

தீர்ப்புச் சொல்ல நம்மால் இயலவில்லை. ஏனெனில் இரு தரப்பாரும் கொண்டுவந்த சாட்சியம் பொய். சலமாண்டர் நெருப்பில் வேகும். அகழெலிக்குக் கண் உண்டு. அதைச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பினோம். ஆனால் விஷயம் நம்மை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் வழக்கிலுள்ள இருவரையும் வாசக அன்பர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பதே முறை.

நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டில் எதையும் கண்ணால் கண்டிருக்கமாட்டோம். சலமாண்டர் நமது மலாய் நாட்டில் கிடையாது. ஆசியாவில் வட தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகிய பகுதிகளோடு அதன் தெற்கு எல்லை முடிந்துவிடுகிறது. இந்தியாவில் டார்ஜிலிங் மலைப்பக்கம் ஓரினம் உண்டு. நமது முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்க் கரையில் இல்லை. அகழெலியோ நமக்கு அண்டை வீட்டுக்காரர். கேமரன் மலையின் மண்ணுக்குள் ஓரினம் வசிக்கிறது. சிங்கப்பூர் ராபிள்ஸ் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த சேசன் என்பவர் 1940-ல் அதற்குப் பெயரிட்டு எழுதிவைத்தார். அவர் அதை இமயமலை இனத்தின் கிளையாகவே பதிந்தார். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் பரிசோதித்து, இது தனி இனமே என்று 2008-ல் நிலைநாட்டினர். அறுபத்தெட்டு வருஷம் அது மற்றொருவர் பேரேட்டில் சில்லறை வரவாகக் கிடந்தது. கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போய்வரும் நம் அன்பர்கள் எத்தனையோ முறை அதன் தலைக்குமேல் லாரி ஓட்டியிருப்பார்கள்.

இரண்டுமே தவறான பெயரட்டை ஒட்டப்பட்ட சரக்குகள் என்பது கவனிக்கத்தக்கது. சலமாண்டரைப் பார்ப்பவர் பல்லி என்றோ ஓணான் என்றோதான் சொல்வார். ஆனால் அதற்குச் செதில் இல்லை, தோல் ஈரமானது, பல இனங்களில் குஞ்சு தண்ணீரில் செவுளோடு வளர்கிறது. அது தவளையின் உறவு. அகழெலியையோ நாம் தமிழில் எலி என்கிறோம். அது எலியே அல்ல. மூஞ்சூறுதான் அதற்குச் சொந்தம். எலியைப் போல வேரையும் கிழங்கையும் கொறிப்பதில்லை. மண்புழுவும் வண்டுப் புழுவுமே அதன் ஆகாரம். தோட்டக்காரர்கள் பலர் அது பயிரைத் தின்பதாக இன்றும் சத்தியம் செய்வார்கள். மண்ணைக் கிளறிக் குவித்து வைப்பதும், அதனால் வேர் ஆட்டம் காண்பதும் மெய். தின்பது பொய்.

நிற்க. நெருப்பு விஷயத்துக்கு வருவோம்.

ஐரோப்பாவில் கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளியுள்ள சலமாண்டர் ஒன்று உண்டு. காட்டில் விழுந்த மரக்கட்டைக்குள் ஈரமான பொந்து பார்த்து அது ஒடுங்கியிருக்கும். குளிர்காலத்தில் விறகுக்காக அக்கட்டையைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டால், சூடு பட்டதும் உயிருக்குத் தப்பி வெளியே ஓடிவரும். பார்த்தவர், இது தீயிலிருந்தல்லவா பிறந்துவருகிறது என்று எண்ணிவிட்டார். கதை இப்படித்தான் பிறந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூட, அது நடந்தால் நெருப்பு அவிந்துபோகும் என்று கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். நமது அரபு நூல்களிலே அது 'சமந்தல்' எனப் பெயர் பெற்று, பல இடங்களில் பறவையாகவே மாறிவிட்டது. 1405-ல் காலமான டமீரி அவர்கள் பிராணிகளின் அகராதியாக இயற்றிய பெருநூலில், அதன் இறகால் நெய்த துணி அழுக்கானால் நெருப்பில் போட்டு வெளுப்பார்கள் என்ற செய்தியும் இடம் பெற்றிருக்கிறது.

அந்தத் துணி பொய்யல்ல என்பதுதான் வேடிக்கை. உண்மையிலேயே நெருப்பில் வேகாத துணி சந்தையில் இருந்தது. விற்பவன் அதை சமந்தலின் இறகு என்றான், சலமாண்டரின் உரோமம் என்றான்; வாங்குபவனும் அப்படியே நம்பி விலை கொடுத்தான். உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம்மவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெனிஸ் நகரத்து வர்த்தகர் மார்க்கோ போலோ 1298-ல் ஜெனோவாச் சிறையிலிருந்து சொல்லி எழுதுவித்த தமது யாத்திரை நூலில், தம் தோழர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். துருக்கியர், பெயர் ஸுல்ஃபிகார். சீனத்தை ஆண்ட பெரிய கானுக்காக மூன்று வருஷம் சுரங்க வேலையை மேற்பார்த்தவர். மலையில் நரம்பு நரம்பாக ஓடும் ஒரு பொருளை வெட்டியெடுத்து, உலர்த்தி, உரலில் இடித்து, தண்ணீரில் அலசினால் மண் போய் நார் நிற்கும். அதை நூற்றுத்தான் அந்தத் துணியை நெய்கிறார்கள். இதில் எந்தப் பிராணியும் இல்லை என்று அவர் விளக்கினாராம். இப்பொருள்தான் நாம் கல்நார் என்கிறோம். கடைக்கூரைக்கு ஒரு காலத்தில் தகடாகப் போட்டோமே, அதுதான். அதன் தூசி நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்லும் என்பது இன்று யாவரும் அறிந்தது. ஆக, ஒரு பாவமும் அறியாத பிராணியின் பெயரில், மக்கள் நஞ்சை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

ஸுல்ஃபிகார் அவர்களை நாம் மிகவும் மதிக்கிறோம். அவர் அரசருக்குச் சரக்கு கொள்முதல் செய்துகொடுத்தவர். அது அதிசயப் பிராணியின் உரோமம் என்ற கதை நிலைத்திருந்தால் சரக்குக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. அப்படியிருந்தும் 'இது கல்' என்று சொல்லிவிட்டார்.

இனி, இந்தப் பொய்ப் பெருமையால் சலமாண்டருக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பாருங்கள். அதற்கு மெய்யான பெருமை ஒன்று உண்டு. காலை வெட்டினால் கால் முளைக்கும். வெறும் சதை அல்ல. எலும்பு, நரம்பு, விரல் எல்லாம் முறைப்படி அமைந்த முழுக் கால். வாலும் அப்படியே. சில இனங்களில் கண்ணின் வில்லையும் திரும்ப வளர்கிறது. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இதைச் சோதித்து 1768-ல் அறிவித்தார். இன்று மெக்சிகோ நாட்டு அக்சலோட்டல் என்னும் சலமாண்டரைச் சோதனைச்சாலைகளில் ஆயிரக்கணக்கில் வளர்த்து, மனிதனின் கைகாலுக்கும் இதில் ஏதேனும் வழி கிடைக்குமா என்று ஆராய்கிறார்கள். அது பிறந்த ஏரியிலோ இனமே அழியும் தறுவாயில் இருக்கிறது. ஈராயிரம் வருஷமாக மனிதர் அதை நெருப்போடு சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்டுண்ட கால் முளைப்பதைக் குனிந்து பார்க்க நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. இல்லாத சிறப்பைச் சொல்லிப் புகழ்வது உபகாரம் என்று நாம் நினைக்கிறோம். இருக்கிற சிறப்பை மறைக்கும் திரையாக அது தொங்கிவிடுகிறது.

அகழெலியின் கதை இதற்கு நேர் எதிர். அதன் கண் குண்டூசித் தலையளவே. உரோமத்துக்குள் மறைந்து கிடக்கிறது. சில இனங்களில் தோல் மூடியிருப்பதும் உண்டு. ஆனால் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிந்துகொள்ள அது போதும். சுரங்கத்தில் வேறென்ன பார்க்கவேண்டியிருக்கிறது? கண்ணுக்குக் குறைத்ததை நாயன் மூக்குக்கு நிறைத்துக் கொடுத்திருக்கிறான். வட அமெரிக்காவின் ஈரநிலங்களில் வாழும் ஓர் இனத்துக்கு மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கின்றன. அவற்றில் தொட்டறியும் நுண்ணுறுப்புகள் 25,000-க்கு மேல். நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு பொருளைத் தொட்டு, ஆகாரந்தான் என்று நிச்சயித்து, வாயிலும் போட்டுவிடும். அதன் உரோமம் முன்னும் பின்னும் எப்பக்கமும் படியும். ஆகையால் குறுகிய வளைக்குள் பின்னோக்கி ஓடினாலும் தடங்கல் இல்லை. கையில் ஐந்து விரலோடு மண் தள்ள ஆறாவதுபோல் ஓர் எலும்பும் உண்டு. மண்புழுவைப் பிடித்து, தலைப்பக்கம் கடித்து, சாகாமலும் நகராமலும் செய்து, நூற்றுக்கணக்கில் அறையில் அடுக்கி வைக்கும். கிட்டங்கி வைத்திருக்கும் நாம் இதைப் படித்ததும் சிரித்துவிட்டோம். புழுக்களின் தரப்பில் இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மையே.

இதற்கும் பெயர்க்குழப்பம் உண்டு. நம் மார்க்க நூல்களில் 'குல்து' என்று ஒரு குருட்டுப் பிராணி வரும். ஸபா நாட்டின் மஃரிப் அணையைக் குடைந்து, வெள்ளத்தை வரவழைத்தது அதுவே என்று தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். குல்து என்று மொழிபெயர்ப்பாளர் கண்ட இடமெல்லாம் அகழெலி என்று போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஷாம் தேசத்து மண்ணில் குல்து என்று மக்கள் அழைப்பது கொறிக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த வேறொரு பிராணி. அதன் கண் தோலால் முழுவதும் மூடப்பட்டது. அது மெய்யாகவே குருடு. அந்தக் குருட்டைக் கொண்டுவந்து அகழெலியின் கணக்கில் பற்று எழுதிவிட்டார்கள். இங்கிலாந்திலும் அதற்கு ஒரு கொலைப்பழி உண்டு. மூன்றாம் வில்லியம் அரசரின் குதிரை அகழெலி கிளப்பிய மண்மேட்டில் இடறியது. அரசர் விழுந்து 1702-ல் மாண்டார். குதிரையைக் குறை சொன்னவர் யாருமில்லை.

இன்னும் ஒன்று. ஸ்லோவேனியா நாட்டுக் குகைத் தண்ணீரில் வெளுத்த நிறமுள்ள பிராணி ஒன்று வாழ்கிறது. அதன் கண்ணைத் தோல் மூடிவிட்டது. ஆகாரமில்லாமல் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குருடு என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். இது எந்த வர்க்கம் தெரியுமா? சலமாண்டர்!

இந்த இடத்தில்தான் நமக்குத் தூக்கம் கெட்டது. வியாபாரிகளாகிய நாம் அளவில் மோசம் செய்வதைப் பெரும் பாவமாக அறிந்தவர்கள். திருமறையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. தனக்கு வாங்கும்போது நிறைத்து அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவனை அது எச்சரிக்கிறது. மதீனத்துச் சந்தையில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்தாலென்ன என்று வியாபாரியைக் கண்டித்த வரலாறும் நாம் அறிந்ததே. அரிசிக்கும் மிளகுக்கும் நாம் இதைப் பேணுகிறோம்; பேணாதவர் மறைவாகவாவது வெட்கப்படுகிறார். ஆனால் மனிதரைப் பற்றிக் கேட்கும்போது நாம் எந்தத் தராசால் நிறுக்கிறோம்?

ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வந்து, இன்ன வாலிபர் புதுக்கடை போடக் கடனுக்குச் சரக்குக் கேட்கிறார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். வாலிபர் நமக்குத் தூரத்து உறவு. வேறொரு கடையில் அவர் பாக்கி வைத்திருந்ததும் நமக்குத் தெரியும். இருந்தும், "பையன் நெருப்பு மாதிரி, தைரியமாகக் கொடுங்கள்" என்றோம். அந்தச் சொல்லே வாயில் வந்தது. பதினெட்டாயிரம் வெள்ளிச் சரக்குப் போயிற்று. ஐந்தாவது மாதம் கடை பூட்டிக் கிடந்தது. ஜும்ஆவுக்குப்பின் பள்ளிவாசல் படியில் அந்த அங்கத்தினரைச் சந்தித்தோம். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் சொன்னீர்களே என்றுதான் கொடுத்தேன், நானா" என்று மட்டும் சொன்னார்.

அதே வருஷத்தில் மற்றொன்றும் நடந்தது. கிட்டங்கியின் பின்னறையில் கணக்கெழுதும் ஒருவரைப் பற்றி, பெண் கொடுக்க எண்ணிய குடும்பத்தார் நம்மைக் கேட்டனர். அவர் அதிகம் பேசாதவர், கூட்டத்தில் கலவாதவர். "உலகம் தெரியாத பேர்வழி, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருப்பார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டோம். பதினொரு வருஷம் அவர் பேரேட்டில் ஒரு காசு பிசகியதில்லை என்பதும், ஊரிலுள்ள இரண்டு தங்கைகளைக் கரையேற்றியவர் என்பதும் நமக்குத் தெரிந்திருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. சம்பந்தம் வேறிடத்தில் முடிந்தது.

பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுப் போன பிறகு, இவ்விருவரும்தான் நம் எதிரே வந்து நின்றனர்.

ஒருவரோடொருவரை ஒப்பிடாமலே இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். எல்லாரும் நாயனின் சிருஷ்டிதானே, உயர்வு தாழ்வு எதற்கு என்பார்கள். கேட்க அழகாயிருக்கிறது, கடை நடத்த உதவாது. கடன் கொடுப்பவனும் பெண் கொடுப்பவனும் ஒப்பிட்டே தீரவேண்டும். நாயகம் (ஸல்) அவர்களே ஒப்பிட்டிருக்கிறார்கள். பாத்திமா பின்த் கைஸ் என்னும் பெண்மணியை முஆவியா, அபூஜஹ்மு ஆகிய இருவர் மணம் பேசியபோது, அவ்வம்மையார் வந்து யோசனை கேட்டார். முஆவியா பொருளில்லாத ஏழை, அபூஜஹ்மோ தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று தெளிவாகச் சொல்லி, உஸாமாவை மணக்கும்படி அவர்கள் கூறினார்கள். முஆவியா கெட்டவர் என்று சொல்லவில்லை. அபூஜஹ்மு வீரரா அல்லரா என்ற பேச்சும் இல்லை. குடும்பம் நடத்தப் போகிற பெண்ணுக்குத் தெரியவேண்டியது எதுவோ அது சொல்லப்பட்டது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

சலமாண்டரா அகழெலியா என்ற வழக்குக்கும் இதுவே வழி என்று நமக்குப் படுகிறது. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்காமல் எது உயர்ந்தது என்று சொல்லமுடியாது. முழத்துக்குப் படி பதில் சொல்லாது. இழந்த உறுப்பைத் திரும்பப் பெறும் கலை வேண்டுமா, சலமாண்டரிடம் போ. இருட்டில் வேலை செய்யும் கலை வேண்டுமா, அகழெலியிடம் போ. அடுப்பில் போட்டுப் பார்க்காதே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நாவின் ஆபத்துக்கள் இருபதை எண்ணும்போது, புறம்பேசுவதோடு புகழ்வதையும் அதில் ஓர் ஆபத்தாகச் சேர்த்திருக்கிறார்கள். வாலிபத்தில் படித்தபோது, புகழ்வதில் யாருக்கு என்ன கேடு என்று எண்ணினோம். இப்போது கேட்டால் பதினெட்டாயிரம் வெள்ளி என்று சொல்லுவோம். ஒருவரைப் புகழ்ந்தே ஆகவேண்டுமானால், 'நான் இப்படி எண்ணுகிறேன், உண்மைக் கணக்கு அல்லாஹ்விடம்' என்ற கருத்துப்படச் சொல்லும்படி ஹதீதில் போதிக்கப்பட்டிருக்கிறது. அந்த 'எண்ணுகிறேன்' என்ற ஒரு சொல்லை அன்று நாம் சேர்த்திருந்தால் அங்கத்தினர் இன்னொருவரையும் விசாரித்திருப்பார்.

இவ்விரண்டில் எது பெரிய குற்றம் என்று பல நாள் யோசித்தோம். பணம் போனவருக்குத் தம் நஷ்டம் இன்னதென்று தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு பகுதியை நாமே ஏற்றுத் தவணையில் செலுத்திவருகிறோம். கணக்கெழுதுபவருக்கோ, தம்மிடமிருந்து ஒன்று எடுக்கப்பட்டதே தெரியாது. தெரியாத நஷ்டத்துக்கு எவ்வாறு ஈடு செய்வது? புறம்பேசப்பட்டவரிடம் நேரில் சென்று பொறுத்துக்கொள்ளக் கேட்கவேண்டும் என்பர் ஒருசாரார். அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடினால் போதும் என்பது ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களின் கருத்து. அறியாமல் நிம்மதியாக இருப்பவரிடம் போய்ச் சொல்லி மனத்தைப் புண்படுத்துவது இரண்டாவது குற்றமாகாதா என்ற வாதம் நமக்கு மிகவும் இனிக்கிறது. அவ்வளவு இனிப்பதனாலேயே அதன்மீது நமக்குச் சந்தேகமும் இருக்கிறது.

அவர் இன்றும் அதே கிட்டங்கியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் நமக்கு முந்திய வரிசையில் நிற்பார். நமது சங்க இதழுக்குப் பல வருஷச் சந்தாதாரர். வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை படிப்பார் என்று கேள்வி.